ஃபோர் புரோப் ரீடிங் தப்பாக வருகிறதா? எண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

எங்கள் லேபில் ஃபோர் புரோப் (படிகத்தின் மேல் நாலு ஊசி முனைகளை வைத்து மின்தடையை அளக்கும் கருவி) மேஜையை ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கிறோம். (அந்த ஜன்னலே ஒரு பிரச்சினை; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) செமஸ்டர் பிராக்டிகல் நெருங்கினால் "சார், ரீடிங் வரவே மாட்டேங்குது" என்ற குரல் அதிகமாகக் கேட்பது அங்கிருந்துதான். உடனே பிள்ளைகள் என்ன செய்வார்கள்? எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து மாட்டுவார்கள். அப்படிச் செய்தால் தப்பு எங்கே இருந்தது என்ற தடயமும் சேர்ந்தே போய்விடும். நான் போனதும் சொல்வது இதுதான்: "கையை எடு. என்ன எண் வந்தது, அதை முதலில் சொல்."

மின்தடை எண் (நீளமும் தடிமனும் எதுவானாலும் அந்தப் பொருளுக்கே உரிய மின்தடை அளவு) அளக்கும் சோதனைகளில் தப்பான விடைகூடக் காரணமில்லாமல் வருவதில்லை. நாலு மடங்காக வந்ததா, ஐந்தில் ஒன்றாகக் குறைந்ததா, சரிபாதியா என்று பார்த்தாலே பெரும்பாலும் ஆளைப் பிடித்துவிடலாம். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். முக்கால்வாசி ஜெர்மானியப் படிகத்தைப் பற்றியது; அதைச் சூடாக்கி அளந்து, வரைபடத்தின் சாய்விலிருந்து அதன் ஆற்றல் இடைவெளியை (எலக்ட்ரான் கட்டவிழ்ந்து கடத்தத் தேவைப்படும் ஆற்றலை) கண்டுபிடிப்பதுதான் சோதனை. கடைசியில் செம்புக் கம்பி.

முதலில், சரியாக வந்தால் எப்படி இருக்கும்?

எங்கள் படிகங்களின் தடிமன் 0.5 மி.மீ. ஒரே கோட்டில் நாலு முனைகள், அடுத்தடுத்த முனைகளுக்கு நடுவே 2 மி.மீ. வெளி முனைகள் இரண்டில் மின்னோட்டம் போகும், உள் முனைகள் இரண்டில் மின்னழுத்தம் அளப்போம். படிகம் மெல்லியதாக இருந்து, அதன் அடியில் மின்சாரம் கடத்தாத தகடு இருந்தால் கணக்கு ரொம்பச் சின்னது: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, தடிமனால் பெருக்கி, 4.53-ஆல் பெருக்கினால் மின்தடை எண் வந்துவிடும். பையை 2-இன் இயல் மடக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் அந்த 4.53. ரெக்கார்டு நோட்டில் இதையே முனை இடைவெளி, திருத்தக் காரணி என்று நீளமாக எழுதியிருப்பீர்கள். பிரித்துப் பார்த்தால் முனை இடைவெளி மேலேயும் கீழேயும் வந்து அடிபட்டுப் போய்விடும்.

எங்களிடம் இரண்டு படிகங்கள் இருக்கின்றன. ஒன்று அறை வெப்பநிலையில் சுமார் 10 ஓம் செ.மீ., இன்னொன்று சுமார் 3 ஓம் செ.மீ. 5 மில்லியாம்பியர் விட்டால் முதல் படிகம் 220 மில்லிவோல்ட் வாக்கிலும், இரண்டாவது 66 வாக்கிலும் காட்டும். சூளையை 150 டிகிரிக்குக் கொண்டுபோனால் இரண்டுமே 13, 14 மில்லிவோல்ட்டுக்கு வந்துவிடும். தொடக்கத்தில் மூன்று மடங்கு வித்தியாசமாக இருந்த படிகங்கள் சூட்டில் ஏன் ஒன்றாகிவிடுகின்றன என்பதில்தான் இந்தச் சோதனையின் உயிரே இருக்கிறது. அதற்கும் வருவோம்.

மீட்டர் நிலையாக நிற்காமல் ஓடுகிறது, அல்லது ஓரத்தில் வெறும் 1 மட்டும் தெரிகிறது

உள் முனைகளில் ஒன்று படிகத்தைத் தொடவில்லை. அந்தரத்தில் தொங்கும் ஒயர், அறையில் உள்ள 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு வந்து மீட்டரில் ஆடும். மேலே உள்ள திருகைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள், நின்றுவிடும்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். முனை படிகத்தைத் தொடும் இடத்தில் எவ்வளவு தடை இருந்தாலும் கவலையில்லை, அதற்காகத்தானே நாலு முனை வைத்தோம்? உண்மைதான். மில்லிவோல்ட்மீட்டர் தன் வழியாக மின்னோட்டத்தை ஏறக்குறைய விடுவதே இல்லை. அதனால் உள் முனைகளின் தொடுதடையில் மின்னழுத்தம் விழாது. ஆனால் தொடுதடை அதிகமாக இருப்பது வேறு, தொடாமலே இருப்பது வேறு. நாலு முனை இருப்பதால் முதல் பிரச்சினைதான் தீரும்.

இறுக்கச் சொன்னேன் என்று பலத்தைக் காட்ட வேண்டாம். ஜெர்மானியம் உலோகம்போலப் பளபளக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். ஒரு முறை தேர்வுக்கு முந்தின நாள் ஒரு பையன் திருகை ஸ்க்ரூடிரைவர் வைத்து முடுக்கியிருக்கிறான். படிகத்தில் மயிரிழைபோல ஒரு கீறல், கண்ணுக்கே தெரியவில்லை. மறுநாள் வந்தவர்களுக்கெல்லாம் எண் நிலையாகத்தான் நின்றது, ஆனால் வழக்கத்தைவிட எப்போதும் கூடுதலாகவே வந்தது. மின்னோட்டம் பரவுவதற்கு இருந்த இடத்தைக் கீறல் குறுக்கிவிட்டது, அவ்வளவுதான். நிலையாக நின்று, மற்ற அறிகுறி எதுவும் இல்லாமல், பழைய ரெக்கார்டில் உள்ளதைவிட எண் மட்டும் கூடியிருந்தால் படிகத்தை வெளியே எடுத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

குமிழைத் திருகினாலும் மின்னோட்டம் ஏறவில்லை

இந்த முறை தொடாமல் இருப்பது வெளி முனை. நிலை மின்னோட்ட மூலத்துக்கும் ஒரு மின்னழுத்த வரம்பு உண்டு. தடை அதைத் தாண்டினால் கேட்ட மின்னோட்டத்தை அதனால் தர முடியாது. முனையின் நுனியில் படலம் பிடித்திருந்தாலும் இதே கதைதான்.

மின்னோட்டம் சுழியம், ஆனாலும் மீட்டரில் அரை மில்லிவோல்ட் தெரிகிறது

நிறையப் பேர் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். 66 மில்லிவோல்ட்டில் அரை போனால் என்ன என்று நினைப்பு. அறை வெப்பநிலையில் சரி, ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் 150 டிகிரியில் மொத்த ரீடிங்கே 13-தான். அப்போது அதே அரை மில்லிவோல்ட் 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதுவும் வரைபடத்தில் சாய்வை எடுக்கப்போகும் பகுதியிலேயே.

காரணம் இரண்டில் ஒன்று. முதலாவது வெப்ப மின்னியக்கு விசை. உலோகங்களில் இது டிகிரிக்குச் சில மைக்ரோவோல்ட். குறைக்கடத்திகளில் சில நூறு மைக்ரோவோல்ட். உள் முனைகள் இரண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தாலே அரை மில்லிவோல்ட் வந்துவிடும். இதற்கு மருந்து, மின்னோட்டத்தின் திசையை மாற்றி இன்னொரு ரீடிங் எடுப்பது. திசை மாறினால் படிகத்தின் மின்னழுத்தம் குறி மாறும், வெப்பத்தால் வந்தது மாறாது. இரண்டு ரீடிங்கின் எண் மதிப்புகளைக் கூட்டிப் பாதியாக்கினால் வேண்டாதது கழிந்துவிடும். மூலத்தில் திசை மாற்றும் ஸ்விட்ச் இல்லையென்றால் வெளி முனைகளின் ஒயர்கள் இரண்டையும் இடம் மாற்றுங்கள்.

இரண்டாவது, நான் முதலில் சொன்ன ஜன்னல். சூளைக்குள் வைக்காமல் மேஜையிலேயே அறை வெப்பநிலை ரீடிங் எடுப்பவர்களுக்கு வரும் தொல்லை இது. ஜெர்மானியத்தின் ஆற்றல் இடைவெளி சின்னது. கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதும், அதைத் தாண்டி அகச்சிவப்பில் ஒரு பகுதியும், எலக்ட்ரானை மேலே தூக்கிவிடப் போதும். காலை பத்து மணி வெயில் படிகத்தின் மேல் விழும்போது கையால் மறைத்துப் பாருங்கள், மீட்டர் நகரும். கையை எடுத்தால் திரும்பவும் நகரும். இதைக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சோதனையைவிட இதுதான் பிடிக்கிறது. சூளையின் மூடியைப் போட்டுவிட்டு ரீடிங் எடுங்கள்.

நேற்று 66, இன்று 14. அல்லது நேற்று 66, இன்று 52

அறை வெப்பநிலையிலேயே இப்படி வந்தால் ஒயரை மாற்றி மாட்டியிருக்கிறீர்கள். எப்படி மாற்றினீர்கள் என்பதையும் எண்ணே சொல்லிவிடும்.

முனைகளுக்கு 1, 2, 3, 4 என்று பெயர் வைப்போம். 1-லும் 4-லும் மின்னோட்டம், 2-லும் 3-லும் மின்னழுத்தம் என்பதுதான் முறை. 1, 2-இல் மின்னோட்டத்தை விட்டு 3, 4-இல் அளந்தால் மெல்லிய பரந்த தகட்டில் சரியான ரீடிங்கில் சுமார் 0.21 பங்குதான் வரும். 66-இல் அது 14. 1, 3-இல் விட்டு 2, 4-இல் அளந்தால் சுமார் 0.79 பங்கு, அதாவது 52. இரண்டையும் கூட்டினால் மறுபடி 66 வருவதைக் கவனியுங்கள். தற்செயல் இல்லை, வரைந்து பார்த்தால் அப்படித்தான் வந்தாக வேண்டும். படிகம் சின்னதாக இருந்தால் இந்தப் பங்குகள் கொஞ்சம் நகரும், ஆனால் ஐந்தில் ஒன்றா, ஐந்தில் நாலா என்ற அடையாளம் போகாது.

மூன்றாவதாக ஒரு தப்பு உண்டு. உள் ஜோடியில் மின்னோட்டத்தை விட்டு, வெளி ஜோடியில் மின்னழுத்தத்தை அளப்பது. இதைச் செய்துவிட்டு அலறிக்கொண்டு வருவார்கள். "ரீடிங் என்ன?" என்று கேட்டால் 66 என்பார்கள். ஆமாம், அதேதான் வரும். மின்னோட்ட ஜோடியையும் மின்னழுத்த ஜோடியையும் அப்படியே இடம் மாற்றினால் விகிதம் மாறாது என்பது மின்சுற்றுகளின் பரிமாற்று விதி. வைவாவில் இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டால் தெரிந்திருக்கட்டும்.

மின்தடை எண் ஐந்தரை மடங்கு கூடுதலாக வருகிறது

10 ஓம் செ.மீ. படிகத்துக்கு 55 என்று எழுதியிருப்பார்கள். இதைப் பார்த்ததும் நான் கேட்பது: "உன் படிகம் சுத்தமான ஜெர்மானியத்தைவிடச் சுத்தமா?" மாசே (கடத்துவதற்காகச் சேர்க்கும் வேற்று அணுக்கள்) கலக்காத ஜெர்மானியத்துக்கு அறை வெப்பநிலையில் மின்தடை எண் சுமார் 47 ஓம் செ.மீ.தான். மாசு சேர்த்தால் பொதுவாக அது குறையும். 55 என்றால் கணக்கில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

விட்டுப்போனது திருத்தக் காரணி. 2 பை பெருக்கல் முனை இடைவெளி என்ற சூத்திரம் ஆழம் முடிவில்லாத பொருளுக்கானது. அது பூமிக்குப் பொருந்தும். ஃபிராங்க் வென்னர் 1915-இல் நாலு கம்பிகளை மண்ணில் நட்டு நிலத்தின் மின்தடை எண்ணை அளக்க வழி சொன்னதும் அப்படித்தான். நம் ஊரில் போர் போடுவதற்கு முன்னால் கம்பிகளை நட்டு, ஒயர் இழுத்து, தண்ணீர் இருக்குமா என்று பார்ப்பவர்கள் செய்வதும் அதன் வழிதான். வால்டெஸ் என்பவர் 1954-இல் இதை டிரான்சிஸ்டருக்கான ஜெர்மானியத்துக்குக் கொண்டுவந்தபோது, படிகம் பூமி அல்ல, அதற்கு ஓரமும் அடியும் உண்டு என்று திருத்தங்களைச் சேர்த்தார். நம் படிகத்தில் அந்தத் திருத்தம் 5.5. போட மறந்தால் விடை அத்தனை மடங்கு ஏறிவிடும்.

ஒரு ஆறுதல். இந்தத் தப்போடு வரைபடம் போட்டாலும் ஆற்றல் இடைவெளி சரியாகவே வரும். எல்லா ரீடிங்கும் ஒரே எண்ணால் பெருக்கப்பட்டால், மடக்கை எடுத்ததும் கோடு மொத்தமாக மேலே நகருமே தவிரச் சாய்வு மாறாது. தேர்வறையில் நேரம் போய்விட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அழ வேண்டியதில்லை.

மின்னோட்டத்தை இரட்டித்தால் மின்னழுத்தம் இரட்டிக்கவில்லை

அதிகமாக விட்டிருக்கிறீர்கள். மின்னோட்டம் நுழையும் முனைக்குக் கீழே படிகம் தனியாகச் சூடாகிறது. அதோடு, முனை படிகத்துக்குள் சிறுபான்மை ஊர்திகளையும் (மின்னோட்டத்தைச் சுமப்பவற்றில் எண்ணிக்கை குறைந்த வகை) தள்ளிவிடும். அவை உள் முனைகள்வரை வந்தால் அந்தப் பகுதி நன்றாகக் கடத்தும், மின்னழுத்தம் குறைந்து காட்டும். படிகத்தின் மேற்பரப்பைப் பளபளப்பாக்காமல் சொரசொரப்பாக விடுவது அந்த ஊர்திகள் சீக்கிரம் மறையட்டும் என்பதற்காகத்தான், அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். மின்னோட்டத்தைப் பாதியாக்கிப் பார்த்து, மின்னழுத்தமும் பாதியாகும்வரை இறங்கி வாருங்கள். பிறகு சோதனை முடியும்வரை அந்தக் குமிழைத் தொட வேண்டாம்.

"சார், சூடு பண்ணினா தடை ஏறுது! இது குறைக்கடத்திதானா?"

எனக்குப் பிடித்த புகார் இதுதான். 3 ஓம் செ.மீ. படிகத்தை எடுத்தவர்கள்தான் இதைக் கொண்டுவருவார்கள். 27 டிகிரியில் 66 மில்லிவோல்ட். சூளையைப் போட்டதும் குறையும் என்று காத்திருந்தால் 68, 70, 72 என்று ஏறுகிறது. குறைக்கடத்தியைச் சூடாக்கினால் மின்தடை குறையும் என்று பத்தாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளை பாவம் என்ன செய்யும்? ஒரு மாணவி அந்த நாலு ரீடிங்கையும் அழித்துவிட்டு, இறங்குமுகமாக நாலு எண்ணைத் தானே எழுதிவைத்திருந்தாள். அழிரப்பர் தடம் நன்றாகத் தெரிந்தது. "ஏம்மா அழிச்சே? அதுதான்மா சரியான ரீடிங்" என்றதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நடப்பது இதுதான். கடத்துதிறனைத் தீர்மானிப்பவை இரண்டு: எத்தனை ஊர்திகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு சுலபமாக நகர்கிறது. உலோகத்தில் முதல் எண் மாறவே மாறாது. செம்பில் அணுவுக்கு ஒரு கட்டற்ற எலக்ட்ரான். சூடாக்கினாலும் அதேதான், குளிர வைத்தாலும் அதேதான். சூடு ஏற ஏற அணுக்களின் அதிர்வு கூடி எலக்ட்ரான் அடிக்கடி மோதும். ஆகவே தடை ஏறுகிறது.

மாசு சேர்த்த ஜெர்மானியம் அறை வெப்பநிலையில் கிட்டத்தட்ட இதே நிலையில்தான் இருக்கிறது. மாசு அணுக்கள் தரவேண்டிய எலக்ட்ரான்களை ஏற்கெனவே எல்லாம் தந்து முடித்துவிட்டன. ஜெர்மானிய அணுக்கள் தங்கள் பங்கை இன்னும் பெரிதாகத் தரத் தொடங்கவில்லை. ஊர்திகளின் எண்ணிக்கை நிற்கிறது, மோதல் மட்டும் கூடுகிறது. அந்த இடைப்பட்ட நேரத்தில் படிகம் உலோகத்தைப்போல நடந்துகொள்கிறது. 55, 60 டிகிரி வாக்கில் ஏற்றம் நின்றுவிடும். அதற்கு மேல் ஜெர்மானியமே எலக்ட்ரானையும் மின்துளையையும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடத்தையும்) ஜோடி ஜோடியாகக் கொட்டத் தொடங்கும். அந்த எண்ணிக்கை வெப்பநிலையோடு அடுக்குக்குறியாக ஏறும், மோதலால் ஆகும் நட்டத்தை அது எளிதாக முழுங்கிவிடும். 75, 80-ஐத் தாண்டினால் ரீடிங் தொடங்கிய இடத்துக்கும் கீழே வந்துவிடும்.

10 ஓம் செ.மீ. படிகத்தில் மாசு குறைவு. ஜெர்மானியத்தின் சொந்தப் பங்கு அறை வெப்பநிலையிலேயே எட்டிப்பார்க்கத் தொடங்கிவிடும், அதனால் ஏற்றம் தெரியாது. வரைபடத்தின் அந்த முனை கொஞ்சம் படுத்திருக்கும், அவ்வளவே. 150 டிகிரியில் இரண்டு படிகமும் ஒரே எண்ணுக்கு வந்து நிற்பதும் இதனால்தான். அங்கே மாசின் பங்கு அமுங்கிப்போய், ஜெர்மானியத்தின் குரல்தான் கேட்கிறது.

ஆகவே சாய்வு எடுக்கும்போது வரைபடம் முழுவதுக்கும் சேர்த்து ஒரே கோடு போடாதீர்கள். 90, 100 டிகிரிக்கு மேலே உள்ள புள்ளிகளுக்கு மட்டும் போடுங்கள். முழுவதுக்கும் போட்டால் ஆற்றல் இடைவெளி குறைத்துத்தான் வரும்.

இன்னொரு நிலை: 150 டிகிரி வரையிலும் ஏறிக்கொண்டே போகிறது, இறங்கவே இல்லை. அப்படியென்றால் யாரோ சிலிக்கான் துண்டை வைத்துவிட்டார்கள். சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட், ஜெர்மானியத்துடையது 0.66. சாதாரணமாக மாசு சேர்த்த சிலிக்கான் 150 டிகிரியில்கூட மாசின் ஆட்சியில்தான் இருக்கும். படிகப் பெட்டியில் லேபிள் ஒட்டுங்கள் என்று அட்டெண்டர் அண்ணன் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார், நாங்கள் ஒவ்வொரு வருஷமும் தலையாட்டுகிறோம்.

ஏறும்போது ஒரு கோடு, இறங்கும்போது வேறு கோடு

அவசரம். வெப்பமானி சூளையின் சூட்டைச் சொல்கிறது, படிகம் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. வேகமாக ஏற்றினால் படிகம் எப்போதும் சில டிகிரி பின்தங்கியே இருக்கும். ஆறும்போது ரீடிங் எடுப்பது நல்லது. தானாக ஆறும் சூளை மெதுவாகத்தான் ஆறும். இரண்டும் எடுத்திருந்தால் ஒரே வெப்பநிலைக்கான இரண்டு ரீடிங்கின் சராசரியைப் போடுங்கள்.

ஆற்றல் இடைவெளி தப்பு

தேர்வில் கடைசி இருபது நிமிஷத்தில் வரும் நோய். இங்கே கருவியின் பக்கம் திரும்பவே வேண்டாம். வந்த எண்ணை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முறை: மின்தடை எண்ணின் மடக்கையை நிமிர்வாகவும், 1000-ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்ததைக் கிடையாகவும் வைத்து வரைகிறோம். 10 அடிமான மடக்கை என்றால் எங்கள் படிகத்தில் சாய்வு 1.75-ஐ ஒட்டி வரும். அதை 1000-ஆல் பெருக்கி, 2.303-ஆல் பெருக்கி, 2-ஆல் பெருக்கி, போல்ட்ஸ்மேன் மாறிலியான 8.617 × 10⁻⁵-ஆல் பெருக்கினால் 0.69 எலக்ட்ரான் வோல்ட்.

0.30 வந்தால் 2.303-ஐ விட்டுவிட்டீர்கள். 0.35 வந்தால் 2-ஐ. 0.15 வந்தால் இரண்டையும். 1.6 வந்தால் இயல் மடக்கையில் வரைந்துவிட்டு, அதற்கு மேல் 2.303-ஆலும் பெருக்கியிருக்கிறீர்கள். இந்த நாலு எண்களை ஞாபகம் வைத்திருந்தால் போதும், விடைத்தாளைத் தூரத்தில் இருந்து பார்த்தே சொல்லலாம். அந்த 2 எதற்கு என்று கேட்டால்: ஒவ்வொரு முறையும் எலக்ட்ரான் ஒன்று, மின்துளை ஒன்று என்று இரண்டு ஊர்திகள் சேர்ந்து பிறக்கின்றன. இரண்டின் எண்ணிக்கைகளையும் பெருக்கினால்தான் முழு ஆற்றல் இடைவெளி அடுக்கில் வரும். ஒன்றின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுக்கும்போது அது பாதியாகிவிடுகிறது.

கோடு நேராக வராமல் வில்லாக வளைந்தால் 273-ஐக் கூட்ட மறந்திருப்பீர்கள். கிடை அச்சில் எண்கள் சுமார் 2.4-இலிருந்து 3.3 வரைதான் இருக்க வேண்டும். அங்கே 10, 20 என்று பார்த்தால் செல்சியஸிலேயே வகுத்திருக்கிறீர்கள்.

சரி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து 0.75 வந்தால்? புத்தகத்தில் 0.66 அல்லது 0.67 என்று இருக்கிறதே என்று விடையைத் திருத்தாதீர்கள். புத்தகத்தில் இருப்பது அறை வெப்பநிலை மதிப்பு. ஜெர்மானியத்தின் ஆற்றல் இடைவெளி சூடு ஏற ஏறச் சுருங்குகிறது, அதுவும் ஏறக்குறைய நேர்கோட்டில். அப்படிச் சுருங்கும்போது வரைபடத்தின் சாய்வு அறை வெப்பநிலை மதிப்பைத் தராது. அந்த நேர்கோட்டைச் சுழியக் கெல்வின் வரை நீட்டினால் எங்கே போய் நிற்குமோ, சுமார் 0.78, அதை ஒட்டிய மதிப்பைத்தான் தரும். கையில் நல்ல படிகமும் பொறுமையும் இருந்தால் 0.7-க்கும் 0.78-க்கும் நடுவே வருவதுதான் இயல்பு. சரியாக 0.66 எழுதிவந்தால்தான் எனக்குச் சந்தேகம்.

செம்புக் கம்பி: மின்தடை எண் நாலு மடங்கு

செம்புக்கு 20 டிகிரியில் 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர் வரவேண்டும். 6.8 × 10⁻⁸ வந்தால் ஆரம் போட வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டீர்கள். நாலில் ஒரு பங்கு வந்தால், திருகு அளவியில் எடுத்ததை இரண்டு தடவை பாதியாக்கினீர்கள்.

20, 25 சதவீதம் கூடுதல் என்றால் எனாமலைச் சுரண்டாமல் அளந்திருக்கிறீர்கள். 36-ஆம் கேஜ் எண் (SWG) கம்பியின் வெறும் விட்டம் 0.193 மி.மீ. மேலே உள்ள பூச்சோடு 0.215 என்று வந்தால், வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கம், அது 24 சதவீதம் ஏறிவிட்டது. நெருப்புக்குச்சியில் லேசாகக் காட்டி, மெல்லிய உப்புத்தாளால் துடைத்துவிட்டு அளங்கள்.

பத்து மடங்கு கூடுதல் என்றால் மல்டிமீட்டரில் அளந்தீர்கள். 22-ஆம் எண் செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு 0.043 ஓம்தான். மல்டிமீட்டரின் ஒயர்களும் நுனிகளும் சேர்ந்தே சில பத்தில் ஒரு பங்கு ஓம் வரும். யானை மேல் உட்கார்ந்த கொசுவை யானையோடு சேர்த்து எடை போட்ட மாதிரி. நாலு முனை முறை இங்கேயும் அதே வேலையைச் செய்யும்.

வெப்பநிலை மின்தடை எண் 0.0039 வரவில்லை

காரி ஃபாஸ்டர் பாலத்தில் (சிறு தடைகளை ஒப்பிட்டு அளக்கும் கம்பிப் பாலம்) செம்புச் சுருளை வைத்துச் செய்பவர்களுக்கு. ஒரு டிகிரி ஏறினால் தடை எத்தனை பங்கு கூடுகிறது என்பதுதான் இந்த எண். ஒரு சுருள் 30 டிகிரியில் 2.256 ஓம், 95 டிகிரியில் 2.810 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் உள்ள சூத்திரப்படி மேலே தடை வித்தியாசம், கீழே முதல் தடை பெருக்கல் இரண்டாம் வெப்பநிலை, கழித்தல் இரண்டாம் தடை பெருக்கல் முதல் வெப்பநிலை. 0.554-ஐ 130-ஆல் வகுத்தால் டிகிரிக்கு 0.00426. பக்கத்து மேஜைக்காரர் கீழே முதல் தடை பெருக்கல் வெப்பநிலை வித்தியாசம் என்று மட்டும் போட்டார், அவருக்கு 0.00378. புத்தகத்தில் 0.0039.

மூன்றுமே சரி, மூன்றுமே அதே கம்பி. 0.00426 என்பது 0 டிகிரித் தடையை அடிப்படையாக வைத்தது, 0.00378 என்பது 30 டிகிரியை, புத்தகத்தில் உள்ள 0.00393 என்பது 20 டிகிரியை. எந்த வெப்பநிலையில் என்பதை எழுதாமல் இந்த எண்ணை எழுதுவதுதான் தப்பு. நான் மதிப்பெண் குறைப்பதும் அதற்குத்தான்.

மூன்றில் எதுவும் இல்லாமல் எண் கிட்டத்தட்ட சுழியமாக வந்தால், அதாவது 95 டிகிரிவரை சூடாக்கியும் சமன் செய் நீளம் (பாலத்தின் கம்பியில் மீட்டர் சுழியம் காட்டும் இடம்) அசையவே இல்லை என்றால், பாலத்தைப் பிரிக்காதீர்கள். சுருளை எண்ணெயிலிருந்து எடுத்துத் துடைத்து, முனையில் கொஞ்சம் சுரண்டுங்கள். செம்பு சிவப்பாகத் தெரிய வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அது யுரேகா கம்பி. சூட்டுக்குத் தடை மாறக்கூடாது என்றே செய்த கலப்பு உலோகம். போன வருஷம் அப்படி ஒரு சுருளை வைத்து ஒரு பேட்ச் முழுக்க இரண்டு மணி நேரம் போராடியது. சுருளின் காகிதச் சீட்டில் "செம்பு" என்று என் கையெழுத்தில்தான் எழுதியிருந்தது.